முதல் தாளின் கடைசிப் பெயர்

இரண்டாம் பக்கத்தில் வந்திருக்க வேண்டிய ஒருவருடைய பெயரை முதல் பக்கத்தின் அடியில் ஏற்றினேன். வேண்டுமென்றே செய்தேன். அதனால் அவர் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போனார், திரும்பவில்லை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இங்கிலீஷ் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முடித்தவன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஜப்பான்காரன் மிரட்டிச் செய்ய வைத்தான் என்றும் சொல்ல முடியாது. பக்கத்தை எங்கே உடைப்பது என்பதைப் பற்றி அவன் கவலைப்படவே இல்லை. அதை என்னிடம் விட்டுவிட்டான்.

ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த சிகாமட்டில் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை பார்த்தேன். செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்று நடத்திய அச்சகம். சண்டைக்கு முன்னால் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், தோட்டத்து ஆபீஸ் படிவங்கள், மாதா கோயிலுக்கு ஜெபப் புத்தகம் என்று எதுவும் அடிப்போம். காலால் மிதிக்கும் மெஷின் ஒன்று. அதில் சின்னத் தாள்தான் போகும். பெரிய அறிவிப்பு வந்தால் இரண்டு தாளாகப் பிரித்துத்தான் அடிக்க முடியும்.

எழுத்துக் கோர்ப்பதைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கையில் பிடித்திருக்கும் ஸ்டிக் என்ற இரும்புச் சட்டத்தில் வரிசையாக நிறுத்துவோம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் ஸ்பேஸ் என்ற வெற்றுக் கட்டை. வரி சட்டத்தின் அகலத்துக்குச் சரியாக நிரம்ப வேண்டும். நிரம்பாவிட்டால் தடித்த ஸ்பேஸ் போட்டுத் தளர்த்துவோம். மிஞ்சினால் மெல்லியதைப் போட்டு இறுக்குவோம். இறுக்கினால் அடுத்த வரியிலிருந்து ஒரு சொல்லை மேலே இழுக்கலாம். தளர்த்தினால் ஒரு சொல்லைக் கீழே தள்ளலாம். நாலு வரியில் இப்படி விளையாடினால் ஒரு முழு வரி கூடும் அல்லது குறையும். பக்கம் எங்கே முடிகிறது என்பது அப்படித்தான் தீர்மானமாகும். பார்க்கிறவர்கள் பக்கம் தானாக முடிந்தது என்று நினைப்பார்கள்.

என் வேகத்துக்கு அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. வேகத்துக்காக வரியை எங்கு வேண்டுமானாலும் உடைப்பேன். அது எனக்கும் புரூப் பார்த்தவருக்கும் பகையாக வளர்ந்தது.

அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். மாதா கோயில் தமிழ்ப் பள்ளியில் வாத்தியாராக இருந்தார். மாலையில் வந்து எங்களுக்குப் புரூப் திருத்துவார். ஜப்பான்காரன் வந்து பள்ளியை மூடியதும் முழு நேரமும் அச்சகத்துக்கே வந்துவிட்டார். சட்டைப் பையில் சிவப்புப் பென்சில் இருக்கும். புள்ளி வைத்த எழுத்து வரியின் தலையில் வந்தால் சுழிப்பார். பத்தியின் கடைசிச் சொல் மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய் ஒண்டியாக நின்றால் சுழிப்பார். அவர் ஒரு சுழி போட்டால் எனக்கு அந்த இடம் மட்டும் வேலையில்லை. வரிக் கடைசியில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்தப் பத்தி முடியும் வரை எல்லா வரியையும் பிரித்து மறுபடி கோர்க்க வேண்டும். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அதனாலேயே ஆத்திரம் அதிகம்.

“இங்கிலீஷ் ஸ்கூல்ல ஒம்போதாவது படிச்சவரு,” என்று முதலாளியின் காதில் விழும்படி சொல்வார். “வரிய எங்க ஒடைக்கணும்னு தெரியல. வெறகு ஒடைக்கிற மாதிரி ஒடைக்கிறாரு.”

“நீங்க வந்து கோருங்களேன் வாத்தியாரே. சிவப்புப் பென்சில் புடிக்க எந்தப் பயலாலயும் முடியும்.”

“முடியும்தான். ஆனா உன்னால முடியாது லா. நீ சுழிச்சா அது கோணலாப் போயிரும்.”

முதலாளி சிரிப்பார். நான் வரிகளைப் பிரிப்பேன். விரல் நுனியெல்லாம் ஈயக் கறுப்பு ஏறியிருக்கும். அந்தக் கையோடு அவர் முகத்தில் ஒன்று வைக்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

ஜப்பான் சக்கரவர்த்தியின் பிறந்தநாளுக்குத் தமிழில் ஓர் அறிவிப்பு அடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கோர்த்துக் கொடுத்தேன். ‘சக்கர’ என்பது ஒரு வரியின் முடிவிலும் ‘வர்த்தி’ என்பது அடுத்த வரியின் தொடக்கத்திலும் விழுந்திருந்தது. அவர் சிவப்பில் சுழித்து, “இந்தச் சொல்ல மட்டும் ஒடைக்காத தம்பி. அவனுங்களுக்கு அவங்க ராசா பேருன்னா சாமி பேரு மாதிரி. ரெண்டாப் பொளந்து வச்சா வம்பு,” என்றார். மாற்ற வேண்டுமானால் பதினோரு வரியைப் பிரிக்க வேண்டும். புரூப் தாளைச் சுவரில் இருந்த ஆணியில் குத்திவிட்டு, மாற்றாமலே அடித்தேன். தமிழ் தெரியாத ஜப்பான்காரனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

தெரிந்தது. அவர்களோடு ஒரு துபாஷி இருந்தான், ஜப்பான் பாஷை கற்றுக்கொண்ட தமிழன். அவன் அந்த இடத்தில் விரலை வைத்து அதிகாரிக்கு விளக்கினான். மறுநாள் காலை அதிகாரி அச்சகத்துக்கே வந்தார். யார் செய்தது என்று துபாஷி கேட்டான். முதலாளி எங்கள் இருவரையும் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. புரூப் பார்த்தவர் நேரே சுவருக்குப் போய், ஆணியிலிருந்து தாளை உருவி, சிவப்புச் சுழியைக் காட்டினார்.

“நான் குறிச்சிருக்கேன். அவருதான் மாத்தல.”

அதிகாரி என்னை மூன்று முறை அறைந்தார். பிறகு எழுத்துப் பெட்டி ஒன்றை, ஈய எழுத்துகள் நிரம்பியபடியே, நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு தெருவில் வெயிலில் நிற்கச் சொன்னார். கை இறங்கினால் காவலுக்கு நின்ற சிப்பாய் முழங்காலில் உதைத்தான். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் அன்று அந்தத் தெருவில் நடந்தார்கள். உச்சி வேளையில் பெட்டி கைநழுவி எழுத்தெல்லாம் மண்ணில் கொட்டியது. அவற்றைப் பொறுக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாளும் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

இன்று யோசித்தால் அவர் செய்தது சரி. அவருக்கு மனைவி இருந்தார், ஏழு வயதில் ஒரு மகள் இருந்தாள். அவர் சொன்னது உண்மை. பேசாமல் இருந்திருந்தால் இரண்டு பேரும் அடி வாங்கியிருப்போம், அவ்வளவுதான். அன்று இப்படி யோசித்திருக்கக்கூடும், மறுநாள் அவர் வாயை அடக்கியிருந்தால்.

“இன்னும் வலிக்குதா தம்பி? பதினோரு வரியோட போயிருக்கும். இப்ப முழுப் பெட்டியும் பொறுக்குற.”

சொல்லிவிட்டு அவரும் குனிந்து என்னோடு எழுத்துகளைப் பொறுக்கினார். அதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் இது நேர்மையாக இருக்காது. ஆனால் அப்போது எனக்கு அவருடைய கைகள் தெரியவில்லை. அந்த வார்த்தைகள் மட்டும் இருந்தன.

சில மாதத்தில் தாள் கிடைக்காமல் போயிற்று. பழைய தோட்டத்துப் படிவங்களின் எழுதாத பின்பக்கத்தில் அச்சடித்தோம். முதலாளி அவரை நிறுத்திவிட்டார். அவர் குடும்பத்தோடு சாஆ என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டார். அங்கே அவருடைய மனைவியின் தம்பி ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தான். வாத்தியாரும் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் பெயர் பதிந்து புல் வெட்டுகிறாராம் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட்டேன்.

ஜப்பான்காரன் வந்து இரண்டாம் வருஷம், தோட்டத்து ஆட்களை சயாமுக்குப் பிடித்துப்போக ஆரம்பித்தார்கள். மூன்று மாத வேலை என்றார்கள். முதலில் போனவர்கள் ஆறு மாதமாகியும் வரவில்லை. கடிதமும் இல்லை. தப்பி வந்த ஒருவன் லாபிஸில் ஒளிந்திருந்து, ஒரு வாரம் காய்ச்சலில் பிதற்றிவிட்டுச் செத்தான். அவன் பிதற்றியதைக் கேட்டவர்கள் மூலம் விஷயம் எங்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அங்கே போவது என்றால் என்ன என்று தெரிந்துதான் நான் செய்தேன்.

துபாஷி ஒரு பட்டியலைக் கொண்டுவந்தான். சாஆ பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணி கையால் எழுதிக் கொடுத்த பெயர்கள், செக்ரோல் எண் வரிசையில். தோட்டத்தின் பிரிவான ஒவ்வொரு டிவிஷனிலும் ஒட்டுவதற்கு அச்சடிக்க வேண்டும்.

“ரெண்டு தாள்ல வரும்,” என்றேன்.

“வரட்டும். மொத தாள்ல இருக்கிறவங்க வெள்ளிக்கெழம வண்டி. ரெண்டாவது தாள்ல இருக்கிறவங்க அடுத்த வண்டி, நாள் பின்னால சொல்லுவாங்க.”

“மொத தாள்ல எத்தன பேரு?”

“எத்தன புடிக்குதோ அத்தன. தோட்டத்துக் கண்டக்டர் தாளக் கையில வச்சுக்கிட்டுத் தல எண்ணுவாரு. பக்கம் பக்கமா இருந்தா அவருக்கு வசதி.”

“எங்க ஒடைக்கிறது?”

“அலமாக்! அது ஒன் வேல. என்கிட்ட ஏன் கேக்குற?”

அன்று பிற்பகல் உட்கார்ந்து கோர்த்தேன். எண், பெயர், தகப்பன் பெயர், டிவிஷன். சின்னப் பெயர் ஒரு வரியில் அடங்கும். நீளமானது இரண்டு வரி எடுக்கும். தலைப்பு போகப் பக்கத்துக்கு நாற்பது வரி. முப்பத்தொன்பதாவது வரியைப் போட்டுவிட்டு அடுத்த பெயரைப் பார்த்தேன். அவருடையது.

ஞானஸ்நானப் பெயர், வீட்டுப் பெயர், தகப்பனுக்கும் அதே மாதிரி இரண்டு. எப்படிக் கோர்த்தாலும் இரண்டு வரி. பக்கத்தில் மிச்சம் ஒரு வரிதான். ஒருவருடைய பதிவைப் பாதி இந்தப் பக்கத்திலும் பாதி அந்தப் பக்கத்திலும் போடுவதில்லை. முழுதாக அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, இங்கே ஒரு வரியை வெறுமையாக விட வேண்டும். சும்மா இருந்திருந்தால் போதும். என் வேலையை வழக்கம்போல் செய்திருந்தால் அவர் இரண்டாம் தாளின் முதல் பெயராகியிருப்பார்.

நான் மேலே தேடினேன். பதினாறாம் வரியில் ஒருவருடைய பதிவு முடியாமல், ‘டிவிஷன்’ என்ற ஒரு சொல் மட்டும் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தது. அந்த வரியைத் திரும்ப ஸ்டிக்கில் எடுத்தேன். ஸ்பேஸ்களை எல்லாம் உருவி, இருப்பதிலேயே மெல்லியதைப் போட்டேன். இரண்டு இடத்தில் அதையும் போடவில்லை. ‘டிவிஷன்’ மேலே ஏறி உட்கார்ந்தது. ஒரு வரி மிச்சமாயிற்று. அடியில் இப்போது இரண்டு வரிக்கு இடம். அவருடைய பெயர் அளவெடுத்தது போல் பொருந்தியது.

இதனால் வேறு யாரும் தப்பவில்லை. யாருடைய இடத்திலும் அவரை வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வண்டிக்கு ஓர் ஆளைக் கூடுதலாகச் சேர்த்தேன். அடித்து முடித்து மை காயுமுன் துபாஷி வந்து வாங்கிப்போனான். இன்னொரு டிவிஷனுக்கு மறுபடி தாள் வேண்டியிருக்கும், எழுத்தைப் பிரிக்காமல் வை என்று சொல்லிவிட்டுப் போனான்.

புதன்கிழமை காலை வாத்தியார் வந்தார். சாஆவிலிருந்து சைக்கிளில். டியூப் கிடைக்காத காலம். டயருக்குள் கயிற்றைத் திணித்திருந்தார். முகம் கறுத்து, கழுத்தெலும்பு தெரிந்தது. ஒட்டியிருந்த இடத்திலிருந்து கிழித்த தாளை என் முன்னால் விரித்துப் பதினாறாம் வரியின் அடியில் நகத்தை வைத்தார்.

“இத யாரு கோத்தது?”

“இங்க வேற யாரு இருக்கா? நாந்தான்.”

“மத்த வரியெல்லாம் மூச்சு விடுது. இது ஒண்ணு மட்டும் மூச்சு முட்டி நிக்குது. ஏன்?”

“ஸ்பேஸ் பத்தல வாத்தியாரே. இப்ப எதுவுமே பத்தல.”

“கீழ் வரிக்குப் பத்தியிருக்கு. மேல் வரிக்குப் பத்தியிருக்கு. எடம் மிச்சம் பண்ணியிருக்க. மிச்சம் பண்ண எடத்துல என்னைய வச்சிருக்க.”

நான் பெட்டியில் எழுத்துகளைத் தேடுவதுபோல் குனிந்தேன்.

“பாரம் இன்னும் பிரிக்கலதானே?” என்று மெஷின் பக்கம் பார்த்தார். கோர்த்த எழுத்தை இறுக்கிக் கட்டிய பாரம் பிரிக்காமல் அங்கேயே இருந்தது. “சரி. அந்த வரியத் தளத்து. எம்பேர அடுத்த தாள்ல ஏத்து. பத்து நிமிஷ வேல. ஆறு தாள் அடிச்சுக் குடு, நானே கொண்டுபோயி மாத்தி ஒட்டிடறேன். கண்டக்டர் தாளத்தான் பாப்பாரு, ஆளப் பாக்க மாட்டாரு.”

“ஜப்பான் ஆபீஸ் ஆர்டர். என்னால மாத்த முடியாது.”

“ஆர்டர்ல எங்க ஒடைக்கணும்னு போட்டிருக்கா?”

“மாத்தினா என் கழுத்து போயிரும்.”

“முத்திர இருந்தா போகும். இதுல முத்திரையே இல்ல, பாரு.” தாளைத் தூக்கிக் காட்டினார். “அச்சகத்துல தப்பு நடந்துச்சு, சரி பண்ணிட்டோம்னு சொன்னா துபாஷி கூடக் கேக்க மாட்டான். சும்மா காரணம் சொல்லாத.”

“அப்ப ஓடிப் போயிருங்க.”

“ஓடினா மச்சானப் புடிப்பானுங்க. வீட்டுக்கார அம்மாவோட அரிசி அட்டையக் கிழிப்பானுங்க. ஒனக்குத் தெரியாதா?”

தெரியும். சொல்வதற்கு வேறு காரணம் இல்லாமல் போனதால் உண்மை வெளியே வந்தது.

“நான் பெட்டியத் தூக்கிக்கிட்டு வெயில்ல நின்னப்ப எனக்கு யாரு பத்து நிமிஷம் குடுத்தா?”

அவர் என்னைப் பார்த்தார். “ஓ,” என்றார். “அதுவா.”

பிறகு அலமாரியிலிருந்து எழுத்துப் பெட்டி ஒன்றை உருவி, நெஞ்சுக்கு நேராகத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார். நான் நின்ற அதே இடத்தில் நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் போனவர்களில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

நான் உள்ளிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கீழே வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அந்த நேரத்தில் மெஷினுக்குப் போய், ஒரு வரியைத் தளர்த்தியிருக்கலாம். அவர் சொன்னதைவிடக் குறைவாகவே நேரம் ஆகியிருக்கும். நான் எழவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அதைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

முதலாளி வந்துவிட்டார். வாசலில் கூட்டம் சேர்ந்தால் ஜப்பான்காரன் வருவான் என்ற பயம் அவருக்கு.

“என்னா வாத்தியாரே இது? பைத்தியமா? உள்ள வைங்க, உள்ள வைங்க! நம்ம எல்லாரையும் சேத்து மாட்டி விட்ருவீங்க போல.”

அவர் பெட்டியைக் கொண்டுவந்து, அலமாரியில் அது இருந்த இடத்திலேயே செருகினார். ஓர் எழுத்துகூடச் சிந்தவில்லை.

“செய்யப் போறியா?” என்று என்னைக் கேட்டார்.

நான் ஸ்டிக்கை எடுத்து வேறு வேலையைக் கோர்க்க ஆரம்பித்தேன்.

“ஒனக்கு வேல தெரியாதுன்னு இத்தன நாளாச் சொல்லிக்கிட்டிருந்தேன். தெரியுது. நல்லாவே தெரியுது.” சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை நான் ஸ்டேஷனுக்குப் போனேன். அவர் வழியில் எங்காவது தப்பித்திருக்கக் கூடாதா என்று பார்க்கப் போனதாக நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. பார்க்க வேண்டும் என்றுதான் போனேன். தோட்டத்து லாரிகளில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பெண்களைக் கம்பிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கண்டக்டர் நான் அடித்த தாளைப் பலகையில் வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் கோடு போட்டார். கடைசியாக அவர் பெயர். அவர் சரக்கு வண்டிக்குள் ஏறினார். கதவை இழுத்து மூடினார்கள். கம்பிக்கு வெளியே மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவருடைய மனைவி நின்றார். எட்டு வயதுப் பிள்ளை, தூக்குகிற வயது தாண்டியவள்.

இரண்டாம் தாளில் இருந்தவர்களை அந்த மாதம் கூப்பிடவில்லை. பிறகு கூப்பிட்டபோது சயாமுக்கு அனுப்பவில்லை. தெற்கே விமானத் திடல் ஒன்றில் மண் சுமக்க வைத்தார்கள். அடியும் பட்டினியும் இருந்தன. ஆனால் பெரும்பாலோர் வீடு திரும்பினார்கள். இது தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அதுவரை நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜப்பான்காரன் போனான். சயாமிலிருந்து எலும்பும் புண்ணுமாகச் சிலர் வந்தார்கள். அவர் வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் யாருமில்லை. அவருடைய மனைவி தோட்டத்திலேயே பால் வெட்டிக்கொண்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். அவருக்கு ஒரு நிச்சயமான செய்தியைத் தேடிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். என்னால் செய்யக்கூடிய பரிகாரம் அது ஒன்றுதான் என்று அப்போது தோன்றியது. அதோடு, யாராவது அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்லிவிடமாட்டார்களா என்ற ஆசையும் எனக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டம் தோட்டமாக அலைந்தேன். முதல் தாளில் இருந்த பெயர்கள் எனக்கு மனப்பாடம். ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. கடைசியில் பெக்கான் நானாஸில், அன்னாசித் தோட்டம் ஒன்றில், அந்தத் தாளில் ஒன்பதாவதாக இருந்தவரைக் கண்டுபிடித்தேன். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே வற்றிச் சுருங்கியிருந்தது. அன்னாசிக் குவியலின் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டைகளை வெட்டிக்கொண்டே பேசினார்.

“வாத்தியாரா? செத்துப் போயிட்டாரு. மழ காலத்துல காலரா வந்துச்சு. ரெண்டு நாள். நானும் இன்னொரு ஆளும் தூக்கிப் போட்டோம். எனக்கு நல்லாத் தெரியும்.”

“உங்ககூடப் பேசுவாரா?”

“எல்லாருக்கும் காயிதம் எழுதிக் குடுப்பாரு. அங்கேருந்து ஒண்ணும் போகாதுன்னு தெரிஞ்சும் எழுதுவாரு.”

“தான் எப்படி அங்க வந்தாருன்னு ஏதாவது சொன்னாரா? அச்சகத்தப் பத்தி?”

“அச்சகமா?” அவர் யோசித்தார். “இல்லியே. பாப்பாவப் பத்திதான் பேசுவாரு. நீங்க யாரு அவருக்கு?”

கூட வேலை பார்த்தவன் என்றேன்.

அவரை பஸ்ஸில் ஏற்றிச் சாஆவுக்குக் கூட்டிப்போனேன். தோட்டத்து லயத்து வீட்டில் அந்த அம்மா அவருக்கு மட்டும் பலகை போட்டு, காப்பி கொடுத்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. வந்தவர் சொன்னதை எல்லாம் அந்த அம்மா நின்றபடியே கேட்டார். எந்த முகாம், எந்த மாதம், தலைமாட்டில் சிலுவை வைத்தார்களா என்று கேட்டார். வைக்க நேரமில்லை என்றார் அவர். மகள் உள்ளேயிருந்து வந்து தாயின் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

அவர் முடித்ததும் நான் தொடங்கினேன். தாள், பதினாறாம் வரி, புதன்கிழமை, எல்லாம் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் மாறவில்லை.

“தெரியும்,” என்றார். “அன்னிக்கி வந்து சொன்னாரு.”

“தெரிஞ்சுமா நீங்க யாருகிட்டயும்...”

“சொல்லாதன்னாரு. அடுத்த பட்டியலும் அவங்கிட்டதான் போகும், அதுல ஒன் தம்பி பேரு வரலாம், அவனப் பகைச்சுக்காதன்னாரு. அதனாலதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். நீங்க எங்கயாவது எதிர்ல வந்தா கும்புடக்கூட நான் தயாரா இருந்தேன். தெரியுமா?”

எனக்குத் தெரியாது. ஜப்பான்காரனைக் கண்டு நாங்கள் பயந்ததுபோல் என்னைக் கண்டு ஒரு குடும்பம் பயந்திருந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

“நான் என்ன செய்யணும், சொல்லுங்க,” என்றேன். “சாமியார் முன்னால வந்து சொல்றேன். கோயில்ல எல்லார் முன்னாலயும் சொல்றேன்.”

“சொல்லி?”

அந்த அம்மா காலியான காப்பி டம்ளரை எடுத்தார்.

“ஏதோ ஆஸ்பத்திரில கெடக்காரு, பேரு மறந்துபோயிக் கெடக்காருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்,” என்றார். “அப்பிடி ஒரு ஆளு வந்தாருன்னு மூவார்ல சொன்னாங்க. போன மாசந்தான் சொன்னாங்க. அதையும் ஆளு கூட்டியாந்து எடுத்துட்டீங்க. நீங்க நல்லது செய்ய வந்தாலும் எங்களுக்குக் கேடுதான் வருது. ஒண்ணும் செய்யாதீங்க. அவரு பேர இனிமே உங்க வாயால சொல்லாதீங்க, எதுலயும் போடாதீங்க. அது போதும்.”

அதனால்தான் இதில் அவர் பெயர் இல்லை. மற்றவர்கள் பெயரையும் அதனாலேயே விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் நவம்பரில், இறந்தவர்களுக்காக மாதா கோயிலில் பூசை வைத்துப் பெயர்களை வாசிக்கும் நாளில், சாஆவுக்குப் போனேன். நான் அந்த மதத்தைச் சேர்ந்தவனில்லை, சாலையோரம் நின்றேன். ஜன்னல் வழியாகக் கேட்டது. அவர் பெயரையும் தகப்பன் பெயரையும் முழுதாக வாசித்தார்கள். அதுவரை இரண்டு வருஷம், அவர் வருவார் என்று நம்பி, அந்தப் பெயரைக் கொடுக்காமல் இருந்திருக்கிறார்கள். பூசை முடிந்து வெளியே வந்த அந்த அம்மா என்னைப் பார்த்தார், கடந்து போனார்.

அடுத்த வருஷமும் போனேன். இந்த முறை மகள் மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து என்னிடம் வந்தாள். பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும். தகப்பனைப் போலவே நேராகப் பார்த்தாள்.

“அம்மா சொன்னாங்க, நீங்க இங்க வந்து நிக்க வேணாமாம்,” என்றாள். “நீங்க நிக்கிறது தெரிஞ்சா அவங்களால செபம் பண்ண முடியலையாம்.”

சரி என்றேன். அவள் திரும்பிப் போகும்வரை காத்திருந்துவிட்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.